வளைவில் வற்றும் எண்ணெய்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் அமைந்துள்ள மாகறல் என் ஊர். ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. கார்த்திகைத் திங்களில், எங்கள் வீதிப் பிள்ளைகள் அகல்விளக்கைக் கையில் ஏந்திச் செல்வதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். நிதானமாக நடக்கும் குழந்தையின் விளக்கு ஒழுங்காக எரியும். ஓடிச் சென்று வீதி முனையில் சட்டென்று திரும்பும் குழந்தையின் விளக்கிலோ, எண்ணெய் ஒரு பக்கமாக ஏறி விளிம்பைத் தொடும். திரி இருக்கும் பக்கம் வறண்டுவிடும். அகலில் எண்ணெய் இல்லாமற் போகவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவ்வளவே. ஆயினும் திரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பந்தயக் கார்களின் எஞ்சின்கள் சில, வளைவில் திரும்பும் வேளையில் இதே காரணத்தால் அழிந்துபோகின்றன. அஃது எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்க என்ன வழி என்பதை இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுக்குத் தவறான யோசனை சொல்லி, அத்தவற்றின் வாயிலாகவும் கற்றேன்.

முதலில் எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனின் அந்த நேர் ஓட்டத்தை, இணைப்புத் தண்டு வாங்கி, கிராங்குத் தண்டின் சுழற்சியாக மாற்றுகிறது. மெக்கானிக்குகள் இந்த இணைப்புத் தண்டைக் கனெக்டிங் ராடு என்பர். அது கிராங்குத் தண்டைப் பற்றியிருக்கும் இடத்தில் பிறைவடிவான இரு பேரிங் தகடுகள் உள்ளன. தண்டும் தகடும் ஒன்றையொன்று தொட்டு உராய்கின்றன என்று நாம் நினைப்போம். உண்மையில் நன்றாக ஓடும் எஞ்சினில் அவை தொடுவதே இல்லை. இடையே ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நம் தலைமயிரின் பருமனைவிடவும் மெல்லியது அப்படலம். வெடிப்பின் முழு வேகத்தையும் தாங்குவது அதுதான்.

இதைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்னும் பொறியியலாளர், இரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் தலையில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே வெளியே பொங்கியது. அவர் துளையை அடைப்பானால் அடைத்தார். எண்ணெய் அதையும் வெளியே தள்ளிவிட்டது. அப்போதுதான் சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளியில் அதை அழுத்தி, அந்த அழுத்தத்தின்மேல் தானே மிதக்கிறது என்பது புலனாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் இதற்குரிய கணித விளக்கத்தை அளித்தார்.

ஆகவே எண்ணெய் வருகை நின்றால் என்ன ஆகும் என்பது தெளிவு. படலம் அறும், உலோகம் உலோகத்தைத் தொடும். நிமிடத்திற்குப் பதினாயிரம் சுற்று சுற்றும் தண்டு, நொடிக்கு நூற்று அறுபது தடவைக்கு மேல் அந்தத் தகட்டைத் தேய்க்கிறது. தகட்டின் மென்மையான பூச்சு உருகி வழியும். தகடு தண்டோடு ஒட்டிக்கொண்டு தானும் சுழலத் தொடங்கும். முடிவில் இணைப்புத் தண்டு முறிந்து, எஞ்சினின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். திரி தன்னுள் ஊறிய எண்ணெயால் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். பேரிங்குக்கு அந்தச் சேமிப்பும் இல்லை.

இனி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான கார் எஞ்சின்களில் அடிப்பகுதியில் ஒரு தட்டைத் தொட்டி இருக்கும். வீடுகளில் தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியைச் சம்ப் என்கிறோம் அல்லவா? இதற்கும் அதே பெயர்தான். எஞ்சினின் எண்ணெய் முழுவதும் இத்தொட்டியிலேயே தேங்கி நிற்கும் அமைப்பை ஈரத் தொட்டி அமைப்பு என்பர். தொட்டியின் அடியில் ஓர் உறிஞ்சுகுழாய் மூழ்கியிருக்கும். அதன் வழியே பம்பு எண்ணெயை இழுத்து, வடிகட்டியில் செலுத்திப் பேரிங்குகளுக்கு அனுப்பும். வேலை முடித்த எண்ணெய் மீண்டும் சொட்டுச்சொட்டாகத் தொட்டியில் விழும். எளிய அமைப்பு, செலவு குறைந்த அமைப்பு, நாம் அன்றாடம் ஏறிச் செல்லும் கார்களுக்கு முற்றிலும் போதுமான அமைப்பு.

இடர் எங்கே பிறக்கிறது? வளைவில். கார் வலப்பக்கம் திரும்பும்போது, எண்ணெய் நேரே செல்ல முயன்று இடப்பக்கச் சுவரில் ஏறுகிறது. அதன் மேற்பரப்பு எவ்வளவு சாயும் என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே கண்டுவிடலாம். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும். அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வீதம் செல்லும் காரில், எண்ணெய் ஏறக்குறைய 14 பாகை சாயும். அதே வளைவில் வேகத்தை இரட்டித்து 72 கிலோமீட்டர் ஆக்கினால், சாய்க்கும் விசை நான்கு மடங்காகும். எண்ணெய் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து நிற்கும். சாதாரண டயர்களும் சாதாரண ஓட்டுநரும் அந்நிலையை எட்டுவது அரிது. பந்தயக் காரோ ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவிலும் எட்டுகிறது. பிரேக் போடும்போது எண்ணெய் முன்னே பாய்கிறது. வேகமெடுக்கும்போது பின்னே பாய்கிறது. உறிஞ்சுகுழாயின் வாய் ஒரு கணம் வெளியே தெரிந்தாலும் போதும், பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை விழுங்கிவிடும்.

வேகம் குறைவாக இருப்பின் அச்சமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பொறியியற் கல்லூரி மாணவர்கள் தாமே பந்தயக் கார் கட்டி ஓட்டும் போட்டிகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே களத்தில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் அவற்றுள் ஒன்று. இத்தகைய போட்டிகளில் எட்டு என்னும் எண் வடிவில் அமைந்த பாதையொன்று உண்டு. கார் வலப்புற வட்டத்தை இரண்டு முறையும், இடப்புற வட்டத்தை இரண்டு முறையும் சுற்ற வேண்டும். காரின் பாதை ஏறக்குறைய 9 மீட்டர் ஆரமே உடையது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினாலே எண்ணெய் 48 பாகைக்கு மேல் சாய்ந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஐந்தரை நொடிக்குச் சற்று மேலாகும். இரண்டு சுற்றுக்குப் பதினொரு நொடி. பம்பு நிமிடத்திற்கு 20 லிட்டர் எண்ணெயை இறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினொரு நொடியில் அது கேட்பது மூன்றரை லிட்டருக்கு மேல். எஞ்சினில் உள்ள எண்ணெயே அவ்வளவுதான்! அதிலும் ஒரு பங்கு மேலே வால்வுப் பகுதியில் தங்கியிருக்கும்; ஒரு பங்கு சுவரில் ஏறி நிற்கும்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றைக் கவனியுங்கள். இக்கார்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினையே பொருத்துகிறார்கள். மோட்டார் சைக்கிள் வளைவில் செல்லும்போது வண்டியே உட்புறம் சாய்கிறது. தூக்குவாளியில் பாலை எடுத்துக்கொண்டு கையை வீசி நடக்கிறீர்கள்; வாளியும் சேர்ந்து சாய்வதால் பால் சிந்துவதில்லை. அவ்வாறே சாயும் வண்டியில் எண்ணெய் தொட்டிக்கு மட்டமாகவே நிற்கிறது. ஆகையால் அந்த எஞ்சினைச் செய்தவர் பக்கவாட்டுப் பாய்ச்சலைப் பற்றி மிகுதியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதே எஞ்சினைச் சாயாத நான்கு சக்கர வண்டியில் வைத்தாலோ, அது தன் பிறப்பில் அறியாத இடரைச் சந்திக்கிறது.

என் மாணவன் சந்தித்ததும் இதைத்தான். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை; பொறியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு விடுமுறையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, காகிதத்தில் பொதிந்திருந்த ஒரு பொருளை எடுத்து வைத்தான். கருகிச் சுருண்ட பேரிங் தகடு அது.

“ஐயா, நண்பர்கள் எல்லாரும் காசு போட்டு வாங்கிய பழைய எஞ்சின். பயிற்சி ஓட்டத்திலேயே போய்விட்டது. எண்ணெய் இருந்தது ஐயா, அளவுகுச்சியில் பார்த்துத்தான் ஓட்டினோம்” என்றான்.

நான் சற்றும் ஆராயாமல், “வளைவில் எண்ணெய் ஒதுங்குகிறது என்றால், இன்னும் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுங்கள் தம்பி” என்றேன். முப்பதாண்டு அறிவியல் கற்பித்தவன் சொன்னது என்று அவர்களும் அப்படியே செய்தார்கள். இரண்டாவது எஞ்சினிலும் அழுத்தம் விழுந்தது. நல்ல வேளையாக அதை உடனே நிறுத்திவிட்டார்கள்.

தவறு எங்கே? எண்ணெய் மட்டம் உயர்ந்ததும், சுழலும் கிராங்குத் தண்டு அதில் தோய்ந்து, மத்து தயிரைக் கடைவதுபோல் கடைந்துவிட்டது. எண்ணெய் நுரைத்தது. நுரை என்பது பாதி காற்று. எண்ணெய்ப் பற்றாக்குறையைப் போக்க நான் சொன்ன யோசனை, காற்றைக் கலந்து கொடுக்கும் யோசனையாக முடிந்தது. சில எஞ்சின்களில் சிறிதளவு கூடுதல் எண்ணெய் உதவுவதுண்டு. ஆனால் தண்டுக்கும் எண்ணெய் மட்டத்திற்கும் உள்ள இடைவெளியை அளந்து பாராமல் ஊற்றலாகாது. மாணவர் தவறான விடை எழுதினால் அது எவ்வழியில் பிறந்தது என்று பார்க்க வேண்டும் என ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்று என் விடையையே அவ்வாறு பார்க்க நேர்ந்தது. ‘எண்ணெய் எவ்வளவு இருக்கிறது’ என்று நான் கேட்டேன். ‘எண்ணெய் எங்கே இருக்கிறது’ என்று கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நாங்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, நடுவே ஒரு குழாயை நிறுத்தினோம். பெட்டியை 45 பாகை சாய்த்துப் பிடித்தால், வளைவில் செல்லும் காரின் தொட்டியில் எண்ணெய் எப்படி நிற்குமோ அப்படியே தண்ணீர் நிற்கும். குழாயின் வாய் தண்ணீரை விட்டு வெளியே நின்றது. நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.

இனி, பாதுகாப்பு முறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது தடுப்புத் தகடுகள். எங்கள் பக்கத்து ஏரிகளில் தூம்பை எங்கே வைத்தார்கள் முன்னோர்? நீர் கடைசிவரை நிற்கும் ஆழமான இடத்தில் வைத்தார்கள். எண்ணெய்த் தொட்டியிலும் உறிஞ்சுகுழாயின் வாய் அத்தகைய இடத்தில் இருத்தல் வேண்டும். தரையோடு ஒட்டியும் இராமல், மிக உயர்ந்தும் இராமல் இருத்தல் வேண்டும். அவ்வாயைச் சுற்றிச் சிறு அறை ஒன்றைத் தகடுகளால் கட்டி, எண்ணெய் சுவரேறாதபடி மேலேயும் ஒரு கிடைத்தகட்டை மூடியாக வைத்தால், பாய்ச்சல் பெரிதும் அடங்கும்.

இரண்டாவது ஒருவழிக் கதவுகள். மேற்சொன்ன அறையின் சுவர்களில் உட்புறம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளைக் கீல்போட்டு அமைப்பர். எண்ணெய் உள்ளே பாய முயன்றால் கதவு திறக்கும். வெளியே பாய முயன்றால் அதே எண்ணெய் கதவைச் சாத்திவிடும். கிணற்றுப் பம்புசெட்டின் ஃபுட் வால்வு வேலை செய்யும் முறையே இது. வலப்பக்க வளைவில் சேர்ந்த எண்ணெய் இடப்பக்க வளைவில் தப்பிப் போகாது.

மூன்றாவது தொட்டியை அகலமாக்குதல். பந்தயக் காரின் அடிப்புறம் தரையை ஒட்டியிருப்பதால் தொட்டியை ஆழமாக்க இயலாது. எனவே பக்கங்களில் இறக்கைபோல் நீட்டிக் கொள்ளளவைக் கூட்டுவர். மட்டம் உயராமலே எண்ணெய் மிகும். நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

நான்காவது, கிராங்குத் தண்டுக்கும் எண்ணெய்க்கும் இடையே துளைகளுள்ள ஒரு தட்டு. வேகமாகச் சுழலும் தண்டு தன்னைச் சுற்றிச் சிறு சூறைக்காற்றையே எழுப்புகிறது. அக்காற்று எண்ணெயைக் கலக்காதபடி இத்தட்டு காக்கும். தண்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் விரைந்து கீழே வடியவும் வழி செய்யும்.

ஐந்தாவது சேமக்கலம். இஃது ஓர் உருளை. நடுவே நகரும் பிஸ்டன் ஒன்று; அதன் ஒரு பக்கம் அழுத்திய காற்று, மறுபக்கம் எண்ணெய். எஞ்சின் நன்றாக ஓடும்போது பம்பின் அழுத்தம் எண்ணெயை உருளைக்குள் தள்ளிக் காற்றை மேலும் அழுத்தும். பம்பு காற்றை விழுங்கி அழுத்தம் விழுந்த கணமே, அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயைப் பேரிங்குகளுக்கு அனுப்பும். அவ்வெண்ணெய் பம்பின் வழியே பின்னோக்கிப் போய்விடாமல் ஒருவழி வால்வு தடுக்கும். சில நொடிகளுக்கே இவ்வுதவி. எனினும் பெரும்பாலான வளைவுகளும் சில நொடிகளுக்குள் முடிபவைதாம். அகல்விளக்கின் திரிக்கு இருந்த சேமிப்பைப் பேரிங்குக்கும் அளிப்பது இக்கலம். எஞ்சினைக் கிளப்புமுன் வால்வைத் திறந்தால், தண்டு சுழலுமுன்பே பேரிங்குகள் நனைந்துவிடும் என்பது மற்றொரு நன்மை.

இவ்வளவு தொல்லை எதற்கு, தொட்டியில் எண்ணெய் தேங்காமலே செய்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதுவே உலர் தொட்டி அமைப்பு. விழும் எண்ணெயைத் தனிப் பம்புகள் உடனுக்குடன் இறைத்து, உயரமான ஒரு கலத்தில் சேர்க்கும். அங்கிருந்து மற்றொரு பம்பு எஞ்சினுக்கு அளிக்கும். கலம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் எண்ணெய் சாய்ந்தாலும் அடிவாய் மூழ்கியே இருக்கும். ஃபார்முலா ஒன் கார்கள் இம்முறையையே கையாளுகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் களமிறங்கியபோது அவர் ஓட்டியதும் அத்தகைய கார்தான். ஆனால் இம்முறைக்குச் செலவு மிகுதி, உறுப்புகள் மிகுதி. எஞ்சினை அதிகம் மாற்றலாகாது என்று விதிக்கும் பந்தயப் பிரிவுகளில் இதற்கு இடமும் இல்லை.

நம் நாட்டுப் பந்தயங்கள் எளிய எஞ்சின்களாலேயே வளர்ந்தன என்பதை நாம் மறக்கலாகாது. 1953-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைந்தது. கோயம்புத்தூர்க் கரிவர்தன் மாருதி காரின் உறுப்புகளைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கி, குறைந்த செலவில் இளைஞர் பலர் பந்தயத்தில் இறங்க வழிசெய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துக் களம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லப் பிறந்த எஞ்சினைப் பந்தயத்திற்கு அழைத்து வந்தால், அதன் எண்ணெய்த் தொட்டியைப் பற்றியும் நாம் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

கடைசிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. அஃது ஓட்டுநரின் கண். சாதாரணக் காரில் எண்ணெய் அழுத்தம் மிகமிகக் குறைந்த பிறகே சிவப்பு விளக்கு எரியும். பந்தய எஞ்சினுக்கு அது துக்கச் செய்தியேயன்றி எச்சரிக்கை அன்று. ஆதலால் உயர்ந்த அழுத்தத்திலேயே எரியும் பெரிய விளக்கு ஒன்றை ஓட்டுநரின் கண்ணெதிரே பொருத்த வேண்டும். வளைவின் விசையையும் எண்ணெயின் அழுத்தத்தையும் நொடிதோறும் பதிவுசெய்யும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. எந்த வளைவில் அழுத்தம் விழுகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

என் மாணவனும் அவன் நண்பர்களும் தொட்டியை மாற்றினார்கள், கதவுகள் அமைத்தார்கள், சேமக்கலமும் விளக்கும் பொருத்தினார்கள். போட்டியில் எட்டு வடிவப் பாதையைக் குறையின்றி முடித்தார்கள். இறுதியாக நெடுந்தூர ஓட்டம். இன்னும் சில சுற்றுகளே இருந்தபோது, ஒரு வளைவில் விளக்கு எரிந்தது. ஓட்டியவன் என் மாணவன். அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை ஓரமாக உருளவிட்டான். முடிக்காத ஓட்டத்திற்கு மதிப்பெண் இல்லை. நண்பர்கள் சிலர் அன்று அவனோடு பேசவில்லை.

மறுநாள் எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள். சேமக்கலத்துக் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. பேரிங் தகடுகள் மட்டும் சிறிதும் பழுதின்றி இருந்தன. ஓர் இணைப்பை இறுக்கியதோடு பழுது தீர்ந்தது. அடுத்த ஆண்டு அவனுக்குப் பின்வந்த மாணவர்கள் அதே எஞ்சினைக் கொண்டே ஓடினார்கள்.

அவன் அந்தத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். முதலில் கொண்டுவந்த கருகிய தகடும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் என் மேசைமேல் அருகருகே வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் யாரேனும் வந்து இவை என்னவென்று கேட்டால், நான் உடனே விடை சொல்வதில்லை. சாயத் தண்ணீர்ப் பெட்டியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, சாய்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.